கனடாவில் இருந்த கல்குடா

கல்குடாக் காணிகளை நான் கனடாவுக்கு அனுப்பத் தொடங்கியது சுனாமிக்கு அடுத்த ஆண்டு. இப்படிச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு எங்கள் சேரும் சிரித்தார்.

சேர் என்று நான் கூப்பிட்ட என் முதலாளி நில அளவையாளர். வாழைச்சேனையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில், ஒரு தையற்கடைக்கும் வலைச்சாமான் விற்கிற கடைக்கும் நடுவில் அவருடைய கந்தோர் இருந்தது. நான் அங்கே படம் கீறுகிறவள். அவர் வெயிலில் நின்று அளந்துகொண்டு வரும் கோணங்களையும் தூரங்களையும் வைத்து, எல்லைகளோடும் கிணறுகளோடும் ஒரு வளவைக் கடதாசியில் கொண்டுவருவது என் வேலை. சமாதான காலத்தில் வீதிகள் திறந்ததும் அவர் கொழும்புக்குப் போய் ஒரு கணினியை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அதில் காணிப் படம் கீறுவதற்கு மட்டக்களப்புக்குப் போய்ப் படித்தேன். கோடு இழுத்தால் நீளத்தை அதுவே சொன்னது. மூன்று கோடுகள் சந்தித்தால் பரப்பையும் சொன்னது. நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் கடதாசி ஆலையில் வேலை செய்த அப்பாவிடமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சோறு ஆறிப்போனது.

புதிய காணிகளோடு பழையவற்றையும் கணினியில் கீறி ஏற்றலாம் என்று சேரைக் கேட்டேன். அவருடைய பழைய படங்கள் எல்லாம் கல்குடாவில் அவருடைய வீட்டில், இரண்டு இரும்பு அலுமாரிகளில் இருந்தன. வாரத்துக்கு ஒரு கட்டுக் கொண்டுவருவார். நான் கீறி முடிக்க அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்த கட்டை எடுத்து வருவார். கல்குடாக் கரையோரம் ஏறக்குறைய முடிந்து, பாசிக்குடாப் பக்கம் தொடங்கியிருந்தபோது கடல் வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சேரும் அவருடைய மனைவியும் காலை ஆராதனைக்காக வாழைச்சேனைத் தேவாலயத்துக்கு வந்திருந்தார்கள். அதனால் உயிரோடு இருந்தார்கள். அவர்களுடைய வீட்டில் சுவர் ஒன்றுகூட நிற்கவில்லை. ஓர் அலுமாரி பனங்கூடலுக்குள் கதவு பிய்ந்து கிடந்தது. அதற்குள் மணல் இறுகிப்போயிருந்தது. மற்றதைக் காணவேயில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஒரே கதைதான் இருக்கிறது. நான் அதைச் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது கந்தோர் வாசலில் வந்து நின்றவர்களைப் பற்றி. செத்தவர்களைப் புதைத்த பிறகு, முகாம்களில் இருந்துகொண்டே ஆட்கள் தங்கள் வளவைத் தேடத் தொடங்கினார்கள். வேலி இல்லை. எல்லைக் கல் இல்லை. அடையாளம் சொல்வதற்கு நின்ற மரம் இல்லை. பழகிய கரை ஒரு புது இடமாய்ப் படுத்துக் கிடந்தது. காணி உறுதிப் பத்திரங்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. சேர் அளந்த காணி என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். நான் பெயரைக் கேட்டுக் கணினியில் தேடுவேன். திரையில் அவர்களுடைய வளவு வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் அவர்கள் திரைக்குக் கிட்ட வருவார்கள். பிறகு விரலால் தொட்டுத் தொட்டு, இது குசினி, இது பின்வாசல், இது மூத்தவன் நட்ட பலா என்று, படத்தில் இல்லாததையெல்லாம் எனக்குச் சொல்வார்கள்.

அப்படி ஒருநாள் எல்லோரும் போன பிறகு சேர் கணினியின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கதிரையில் உட்கார்ந்து நான் கண்டது குறைவு. காணி அளக்கும்போது நிற்பதுபோலத்தான் கந்தோரிலும் நிற்பார்.

"புள்ள, இப்ப இந்தப் பெட்டிக்குள்ளதான் கல்குடா இரிக்கு," என்றார். "இதுக்கும் ஒண்டு நடந்தா?"

முதலில் எல்லாவற்றையும் சீடி இறுவட்டுகளில் எழுதி, ஒரு பெட்டியில் போட்டு, ஓட்டமாவடியில் அரிசி ஆலை வைத்திருந்த அவருடைய நண்பரிடம் கொடுத்தோம். சிறுவயதிலிருந்தே இருவரும் சிநேகிதர்கள். அந்த மனிதர் அந்தப் பெட்டியைத் தன்னுடைய இரும்புப் பெட்டகத்தில், நகைகளுக்கு மேல் வைத்தார். ஆனால் வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். அங்கே ஒரு பிரச்சினை என்றால் இங்கேயும் பிரச்சினை. எங்கேயோ துப்பாக்கிச் சூடு விழுந்து, தமிழாட்கள் அந்தப் பக்கமும் முஸ்லிம் ஆட்கள் இந்தப் பக்கமும் போக முடியாமல் கடைகள் பூட்டிக் கிடந்த கிழமையில், எனக்குத் தெளிவாக ஒன்று விளங்கியது. நாங்கள் இரண்டு முட்டைகளையும் ஒரே கூடைக்குள்தான் வைத்திருக்கிறோம். வீதி திறந்த பிறகு போய்ப் பார்த்தால் ஆலையின் புழுக்கத்தில் இறுவட்டுகள் வேறு பூஞ்சணம் பூத்து, ஒன்றும் திறக்காமல் போயிருந்தன.

என் தம்பி அப்போது கனடாவில் இருந்தான். கட்டடம் முழுக்கக் கணினிகளை அடுக்கி, ஊர் உலகத்து நிறுவனங்களின் கோப்புகளைக் காத்துக் கொடுக்கிற இடத்தில் அவனுக்கு வேலை. தொலைபேசியில் பேசும்போது இறுவட்டுக் கதையைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, ஒண்டு கந்தோரில, ஒண்டு பக்கத்து ஊரில, இன்னொண்டு கடலுக்கு அங்கால. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் வைக்கிறது. ஒரு இடத்தில இருந்தா அது இருக்கிறது மாதிரியே இல்ல."

அவனுடைய நிறுவனத்தில் மாதக் கட்டணத்துக்கு எங்களுக்கென்று ஒரு சின்ன இடம் எடுத்துத் தந்தான். கட்டணம் தன்னுடைய தலையில் என்றான். தொலைபேசிக் கம்பி வழியாகவே கோப்புகளை அங்கே அனுப்பலாம், பூட்டித்தான் போகும், திறக்கிற சொல் எனக்கும் சேருக்கும் மட்டும் தெரிந்திருந்தால் போதும், முதல் தடவை முழுவதையும் அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகு மாறியதை மட்டும் அனுப்பினால் சரி. இதையெல்லாம் நான் சேருக்குச் சொன்னபோதுதான் அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அங்கே போனால் இங்கே இருக்காதா? இங்கேயும் இருக்கும் சேர். அப்போது போனது எது? அதைப் போல ஒன்று. அங்கே எந்த அறையில் எந்த அலுமாரியில் இருக்கும்? எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஊரவன் காணியை எப்படி வைப்பது? பிறகு அவரே தன் வீடு இருந்த திசையைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச இடத்தில வச்சுத்தானே போனது," என்றார். "அனுப்பு."

ஆனால் கந்தோரில் ஒரு தொலைபேசிதான். அந்தக் கம்பியில் கோப்புப் போய்க்கொண்டிருக்கும்போது யாரும் கூப்பிட முடியாது. யாராவது கூப்பிடுவதற்காகத் தொலைபேசி வாங்கியை எடுத்தால் எல்லாம் அறுந்துபோகும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் எங்களுக்கு வாய்த்தவை ஹர்த்தால் நாட்கள். கடைகள் பூட்டி, பஸ் ஓடாமல், யாரும் யாரையும் கூப்பிடாத நாட்கள். அந்த ஆண்டுகளில் ஹர்த்தாலுக்கு எங்கள் பக்கம் குறைவில்லை. ஊர் அடங்கிக் கிடக்க, நான் ஒழுங்கைகளுக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், கந்தோரின் பின்கதவைத் திறந்து கணினியை உயிர்ப்பிப்பேன். மோடம் கீச்சிட்டு, இரைந்து, பிறகு சட்டென்று அமைதியாகும். அந்த அமைதிதான் இணைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். திரையில் ஒரு பச்சைப் பட்டை ஊரத் தொடங்கும். அது முழுதாக நிரம்பி ஒரு காணி போய்ச் சேர்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். சேர் வாசற்பலகையின் இடுக்கால் வீதியைப் பார்த்துக்கொண்டே, "யார்ட வளவு போகுது?" என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் அந்த மனிதரின் சாதகத்தையே சொல்வார்: எப்போது அளந்தது, எந்த மூலையில் நாய் கடிக்க வந்தது, மத்தியானம் என்ன மீன் ஆக்கித் தந்தார்கள். அப்படி ஒவ்வொரு வளவாகக் கடலைத் தாண்டிப் போனது.

பிறகு சண்டை திரும்ப வந்தது. வாகரைப் பக்கத்துச் சனம் களப்பையும் காட்டையும் கடந்து எங்கள் பக்கம் வந்து கொட்டில்களில் இருந்தது. ஷெல் சத்தத்தில் கந்தோரின் கண்ணாடி அதிரும். அந்த நாட்களிலும் கம்பி உயிரோடு இருந்த போதெல்லாம் நான் அனுப்பினேன். கிழக்கில் சண்டை முடிகிற தறுவாயில், ஒரு பின்னேரம், பக்கத்து வலைச்சாமான் கடைக்கு முன்னால் யாரோ குண்டு எறிந்தார்கள். யார், ஏன் என்று அந்தக் காலத்தில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. கடைக்காரருக்குக் காலில் காயம். உயிர் போகவில்லை. ஆனால் நைலோன் வலைக்கட்டுகள் பற்றிக்கொண்டன. அந்த நெருப்பு எப்படி எரியும் என்று கண்டவர்களுக்குத் தெரியும். நான் ஓடிப் போனபோது எங்கள் கந்தோரின் கூரை உள்ளே விழுந்துவிட்டது. மறுநாள் சாம்பலுக்குள் கணினியைக் கண்டுபிடித்தேன். அது உருகி, ஒரு பக்கம் சாய்ந்து, மேசையோடு ஒட்டிக் கிடந்தது.

சேர் தடியால் சாம்பலைக் கிண்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் உடனே சொல்லிவிட்டேன், எல்லாம் கனடாவில் இருக்கிறது என்று. வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் அனுப்பினோம், அனுப்பினோம், அனுப்பிக்கொண்டேயிருந்தோம். ஒன்றையாவது திருப்பி எடுத்துத் திறந்து பார்த்ததில்லை. பச்சைப் பட்டை நிரம்பியதை நம்பியிருந்தோம், அவ்வளவுதான்.

எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. எங்கள் வீதியின் கம்பிகள் எரிந்து தொங்கின. சேர் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, புதிய வேலைகளைக் கையால் கீறித் தரச் சொன்னார். அந்த அறைக்குத்தான் கல்குடாப் பெண் ஒருவர் வந்தார். சுனாமியில் கணவனைப் பறிகொடுத்து, இரண்டு மகள்மாரோடு வீட்டுத்திட்டத்தில் இருந்தவர். கரையில் இருந்த தன் பழைய வளவில் வீடு கட்டுவதற்கு அனுமதி கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே கொங்கிரீட் கட்டைகள் நட்டு, முட்கம்பி இழுத்திருந்தது. பக்கத்துக் காணியை வெளியூரில் யாரோ வாங்கியிருந்தார்கள். வாங்கியவர்களுக்கு எல்லை காட்டியவன் கையை எட்ட நீட்டியிருக்க வேண்டும். கம்பி அவருடைய வளவையும் விழுங்கிக்கொண்டு போயிருந்தது. கிராம அதிகாரியான விதானையாரிடம் போனால் அவர் படம் கேட்டார். இல்லாமல் தான் என்ன செய்வது என்றார்.

"கடல் கொண்டு போனதைக் கேக்கேல்ல சேர்," என்றார் அந்தப் பெண். "கடல் விட்டுட்டுப் போனதைத்தான் கேக்கிறன்."

அடுத்த காலை நானும் சேரும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து, திரும்ப ஏறி, நகரத்துக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அங்கே ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் வேகமான இணைப்பு வந்திருந்தது. எங்கள் மோடம் போல அது சத்தமே போடவில்லை. நான் முகவரியை அடித்து, திறக்கிற சொல்லையும் அடித்தேன். திரையில் எங்கள் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. கல்குடா, வாழைச்சேனை, பேத்தாழை. எல்லாம் நான் ஆங்கில எழுத்தில் வைத்த பெயர்கள். அந்தப் பெண்ணின் காணியைச் சொடுக்கினேன். எங்கள் கந்தோரில் நான் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கும் வரைக்கும் ஊர்ந்து போன கோப்பு, ஒரு கண் சிமிட்டலில் திரும்பி வந்துவிட்டது. படம் பார்க்கிற மென்பொருளைத் தம்பி முதலே அந்த இணையப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தான். அதையும் இறக்கித் திறந்தேன்.

கோடுகள் வந்தன. நாலு எல்லைகளும் நேராக வந்தன. சேர் என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஆனால் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கொக்கிகளுமாய்க் குழம்பிக் கிடந்தது. பெயர் இல்லை. எல்லை விபரம் இல்லை. கிணறு இருந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஏதோ நாலு எழுத்து நின்றது. வழியில் பழுதாகிப்போய்விட்டதா என்று சேர் மெதுவாகக் கேட்டார். இன்னொரு கோப்பைத் திறந்தேன். அதுவும் அப்படி. இன்னொன்றும்.

அந்த நாலு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்க, என் விரல்கள் மேசையில் தாமாக அசைந்தன. அந்த எழுத்துகளை நான் ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன். ஆங்கில விசைப்பலகையில் அந்த நாலு விசைகளையும் அழுத்தினால் எங்கள் கணினியில் "கிணறு" என்று விழும். கோப்பில் ஒரு பழுதும் இல்லை. நாங்கள் பாவித்த பாமினி என்ற தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் எழுந்து நின்று இதைச் சொன்ன சத்தத்தில் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தவர் வாங்கியைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். நிலையத்துக்காரர் இரண்டு கடை தள்ளி இருந்த அச்சகத்துக்குப் போய் அந்த எழுத்துருவை ஒரு கணினித் தட்டில் வாங்கி வந்து ஏற்றினார். படத்தை மூடித் திறந்தேன். தமிழ் வந்தது. வடக்கே வீதி, கிழக்கே கடற்கரை ஒதுக்கு, மூலையில் கிணறு, வீதி மதகிலிருந்து கிணற்றுக்கு உள்ள தூரம், எல்லாம் நான் கீறியபடியே. சேர் கண்ணாடியைக் கழற்றி இடுப்புச் சாரத்தின் ஓரத்தால் துடைத்தார். மாட்டினார். திரும்பக் கழற்றித் துடைத்தார்.

"முழுக்க வந்திட்டு, என்ன புள்ள?"

"ஓம் சேர். முழுக்க."

அச்சிட்ட படத்தோடு கல்குடாவுக்குப் போனோம். நல்ல வெயில். விதானையாரும் வந்தார். கம்பி போட்டவர்களின் சார்பில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஓரமாக நின்றார். அந்தப் பெண் தன் தமையன்மார் இருவரை மண்வெட்டியும் அலவாங்குமாகக் கூட்டி வந்திருந்தார். பார்த்த கண்ணுக்கு அங்கே மணலும் அடம்பன் கொடியும்தான். வீதி மதகின் மூலையில் கருவியை நிறுத்தி, கோணம் பிடித்து, நாடாவை இழுத்தோம். படம் சொன்ன இடத்தில் சேர் தடியை ஊன்றினார். தமையன்மார் வெட்டினார்கள். மணல். இன்னும் வெட்டினார்கள். ஈர மணல். இடுப்பளவு ஆழம் போயும் மணல்தான். மோட்டார் சைக்கிள்காரர் விதானையாரிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அந்தப் பெண் முந்தானையை இறுக்கிச் சொருகிக்கொண்டு குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் படத்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தேன். படத்தில் பிழை இருந்தால் மூலைக்கு மூலை வேறு வேறு அளவில் பிழைத்திருக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் எஞ்சியிருந்த, படத்திலும் இருந்த கோயில் அத்திவாரத்தின் மூலைகளுக்கு உள்ள தூரத்தையும் அளந்து பார்த்தோம். எல்லாமே ஒரே பக்கத்துக்கு, ஒரே அளவு தள்ளி நின்றன. அப்படியென்றால் படம் சரி. நாங்கள் தொடங்கிய இடம்தான் பிழை. நான் வீதிக்கு ஓடினேன். மதகின் சீமெந்து வெள்ளையாக, விளிம்பு மழுங்காமல் இருந்தது. சுனாமிக்குப் பிறகு வீதி போட்டவர்கள் கட்டிய புதிய மதகு. வீதியோரம் தாழம்பற்றைக்குள் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு போனேன். முள் கையைக் கிழித்தது. கொஞ்சத் தூரத்தில், மண்ணுக்குள் பாதி புதைந்து, பழைய மதகின் கருங்கல் கட்டு இருந்தது. நான் அங்கேயிருந்து கத்தினேன். சேர் அந்த வயதில் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

திரும்ப அளந்தோம். சேர் காட்டிய இடத்தில் இளைய தமையன் அலவாங்கை ஓங்கிக் குத்தினான். உள்ளே இருந்து டங் என்று கேட்டது. அவன் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துவிட்டு இன்னொரு தடவை குத்தினான். திரும்பவும் அதே சத்தம். பிறகு மண்வெட்டி எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்றில்லை; விதானையார்கூடச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையால் மணலைத் தள்ளினார். வளைந்த சீமெந்து விளிம்பு ஒன்று வெளியே வந்தது. அந்தப் பெண் குழிக்குள் இறங்கி, விளிம்பைச் சுற்றி மணலைத் துடைத்துக்கொண்டே போனார். முழு வட்டமும் வெளியே வந்த பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"இதை அவர்தான் இறக்கினவர்," என்றார். "நான் அந்தப் பக்கம் நிண்டு கயிறு பிடிச்சனான்."

கம்பி போட்டவர்களின் ஆள் சண்டை பிடிக்கவில்லை. படத்தின் பிரதி ஒன்று தரும்படி கேட்டுச் சேரிடம் வாங்கிக்கொண்டு போனார். அந்த மாதம் முடிவதற்குள் கட்டைகள் பிடுங்கப்பட்டுச் சரியான எல்லையில் நடப்பட்டன. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார்கள். முதலில் உவர் தண்ணீர் வந்தது. இரண்டு மாரி கழிய அது குளிக்கக் கூடியதாக மாறியது. வீடும் எழும்பியது. குடிபூரலுக்கு எங்கள் இருவருக்கும் இறால் குழம்போடு சோறு தந்தார்கள்.

கிணறு கிடைத்த அன்றிரவே நான் தம்பிக்கு எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். தான் வேலை செய்யும் இடத்தில் வங்கிகளின் கணக்குகளும் கப்பல் நிறுவனங்களின் கோப்புகளும் இருக்கின்றன, ஆனால் அங்கிருந்து ஒரு கிணறு வெளியே வந்தது இதுதான் முதல் தடவை என்றான். மறுநாள் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் சொன்னானாம்.

வன்னியிலும் போர் முடிந்த பிறகு வாகரைப் பக்கத்துக் காணிகளுக்கு அளவை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சேரின் முழங்கால் அதற்குள் மறுத்துவிட்டது. கருவியைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். முதல்நாள் பனிச்சங்கேணிப் பாலம் கடந்து பஸ் போகும்போது காலை வெயில் களப்பு முழுக்கப் பரவியிருந்தது. இறங்க வேண்டிய இடத்தில் ஒரு குடும்பம் முழுவதும் வீதிக்கு வந்து எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. நான் பஸ் நிற்பதற்கு முன்னமே எழுந்துவிட்டேன்.